எட்டு நாட்

விற்றுவிட்டேன்.
வாங்கியவன் வில்மிங்டனில் பல் மருத்துவன்.
பணம் கைமாறும் முன்பே
மார்லினோடு மல்லுக்கட்டும் அந்த நாற்காலியில்
ஏறி உட்கார்ந்து பார்த்தான்.
கால் எட்டவில்லை.
எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

பதினோரு வருஷம்.
விடிய மூன்று மணி நேரம் இருக்கையில் கயிறவிழ்த்து
வளைகுடா நீரோட்டம் வரை முப்பது நாட்.
இரண்டு என்ஜினும் மணிக்கு ஐம்பது காலன் குடித்தன.
நான் குடித்தது ஆறிப்போன காபி.
லொரேனா அதில் ஏறியது நாலே தடவை,
நாலு தடவையும் வாந்தி.
பின்தளத்தின் தாழ்ந்த விளிம்பைக் காட்டி
ஒருநாள் சொன்னாள்:
"மீனை உள்ளே இழுக்க வசதி.
பிள்ளை வெளியே விழவும் அதே வசதி."

அதன்பின் சனிக்கிழமைதோறும் படகு பார்க்கும் படலம்.
போஃபோர்ட்டில் ஒன்று, மெத்தையெல்லாம் பூஞ்சை வாசம்.
ஓரியன்டலில் ஒன்று, உள்ளே கம்பளம்.
படகுக்குள் கம்பளம்!
ரத்தத்தை எப்படிக் கழுவுவது என்று கேட்டேன்.
தரகர் ஹோல்காம்ப் என் மனைவியைப் பார்த்தார்.
அவள் கூரையைப் பார்த்தாள்.
எந்தப் படகில் ஏறினாலும் என் கை
தூண்டில் செருகும் குழலைத் தேடித்
தானாக விளிம்போரம் போனது,
விழுந்த பல்லின் இடத்துக்கு
நாக்கு போவதுபோல.

ஐந்தாவது படகு நீலம்; வயது என் திருமணத்துக்குச் சமம்.
டெல்லா கட்டிலில் மல்லாந்து
கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து
முழங்கை இடிக்கிறதா என்று பார்த்தாள்.
மெரிட் பதினேழு அலமாரிகளையும் திறந்தான்,
பதினாறை மூடவில்லை.
லொரேனா கைப்பிடிக் கம்பியை
ஆளை உலுக்குவதுபோல் உலுக்கினாள்.
பிறகு பாத்திரத் தொட்டி முன் நின்று
ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்,
வெகுநேரம்,
கழுவ ஒன்றுமில்லாமலே.

நான் கீழே இறங்கினேன்.
ஒரே ஒரு என்ஜின், பெயின்ட் உரிந்து.
"இது நின்றுபோனால்?"
"நங்கூரம் போடுங்கள்" என்றார் ஹோல்காம்ப்.
"அப்புறம்?"
"அப்புறம் சமைத்துச் சாப்பிடுங்கள்."

வெள்ளோட்டம். லுக்அவுட் முனை தாண்டி எட்டு நாட்.
ஒரு பெலிக்கன் எங்களை முந்திப்போனது,
சிறகைக்கூடச் சரியாக அடிக்காமல்.
அப்போதுதான் தெற்கே கண்டேன்:
பறவைகள் கொத்துக் கொத்தாய்ச் சரிந்து விழ
அடியில் தண்ணீர் உலைபோல் கொதித்தது.
யோசிக்கவில்லை.
விசைப்பிடியை முழுக்கத் தள்ளினேன்.
என்ஜின் உறுமியது,
தட்டுகள் கடகடத்தன,
புகை கிளம்பியது.
எட்டு,
எட்டரை.

டெல்லாதான் முதலில் சிரித்தாள்.
பிறகு மெரிட், எதற்கென்று தெரியாமல்.
ஹோல்காம்ப் நாகரிகம் கருதிக் கடலைப் பார்த்தார்.
நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
கடல் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.
மிச்சமிருந்த ஒரு பறவை
எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டது.

"என்ன பறவை அது?"
லொரேனா கேட்டாள்,
கையில் பாதி தின்ற ரொட்டியோடு,
வாந்தியில்லாமல்.

தெரியவில்லை.
கறுப்புத் தொப்பி, பிளந்த வால்.
ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.
பதினோரு வருஷமாய் என் வாயில் அதற்குப் பெயர்
"அங்கே மீன் இருக்கு."

கையெழுத்துப் போடும் முன்
ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்:
பின்பக்கம் தூண்டில் குழல் நாலு.
லொரேனா ஒன்று என்றாள்.
இரண்டில் படிந்தது.

ஒன்றில் தூண்டில் நிற்கிறது.
மற்றதில் மெரிட்
துடைப்பத்தைத் தலைகீழாய்ச் செருகி
அதன்மேல் தன் ஈர டவுசரைக்
காயப் போட்டிருக்கிறான்.