கவை

நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவள் நான்.
வாய்தா என்ற சொல்லை
நாளைக்கு நாற்பது தடவை அடிப்பேன்.
அதனாலோ என்னவோ
சைக்கிளின் முன்கவையை மாற்றுகிற விஷயத்தில்
நானும் மூன்று மாதம் வாய்தா வாங்கினேன்.

தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று
முதலில் தின்றது அதன் முன்னங்கால்களைத்தான்.
குழாயில் அம்மைத் தழும்பாகத் துரு,
ரப்பர் வளையத்தைச் சுற்றி எண்ணெய்க் கசிவு.

"ஸ்பிரிங் வச்சதையே வாங்குங்க.
ஃபோர்க்க மாத்தலாம், மணிக்கட்ட மாத்த முடியாது"
என்றார் ஜெயினுலாபுதீன்.
பரங்கிப்பேட்டையிலிருந்து ஞாயிறுதோறும் வந்து
கேப்பர் மலையில் என்னோடு ஓட்டுகிறவர்.
நூற்றிருபது மில்லிமீட்டர் அமுங்கும் அவருடையது.
முந்திரி வேர்களின் மேல் தோணியாய்ப் போவார்.
நான் பின்னால்,
முறத்தில் புடைத்த நெல்லாய்.

கழற்றிய ஃபோர்க்கைத் தினத்தாளில் சுற்றி
புதுச்சேரிப் பேருந்தில் மடியில் கிடத்தினேன்.
"கலப்பையாம்மா?" என்றார் நடத்துநர்.
கிட்டத்தட்ட, என்றேன்.
கன்னியகோயில் வேகத்தடையில் பேருந்து எகிறியது.
அதற்கும் ஸ்பிரிங் உண்டு,
போன நூற்றாண்டில்.

அந்துவான் கண்ணாடி மேசையில்
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
ஒன்று கறுப்பு எஃகு. அசையும் பாகம் எதுவுமில்லை.
ஏழாயிரத்து ஐந்நூறு.
மற்றது காற்றடைத்தது. இருபத்து நாலாயிரம்.
மேலே ஒரு நீலத் திருகு.
"உங்க எடைக்குத் தகுந்தாப்ல
அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்."

அட்ஜஸ்ட்.
பெண் பார்க்க வந்த அன்று கேட்டது,
பிரிந்த பிறகும் கேட்டது.
இந்தத் திருகு மட்டும்
முதல் தடவையாக
எடை எவ்வளவு என்று என்னைக் கேட்டது.
அதற்காகவே வாங்கிவிடலாம் போலிருந்தது.

அப்போது அந்துவான்
என் பழசைத் தரையில் ஊன்றி
இரண்டு கையாலும் அமுக்கினார்.
பிறகு முழு உடம்பாலும்.
அது ஒரு நூல்கூட இறங்கவில்லை.
"இது இறுகிப்போய் ரெண்டு மாசமாவது ஆயிருக்கும்.
நீங்க வெறும் கம்பியிலதான் ஓட்டியிருக்கீங்க."

இரண்டு மாதம்.
மழைக்குப் பின் மலை முரடாகிவிட்டது என்று நினைத்தேன்.
இல்லாவிட்டால் நாற்பத்தொன்று வயது என்று.
தைலம் தேய்த்துக்கொண்டு படுத்த ராத்திரிகள்!
ஆனால் அதே இரண்டு மாதத்தில்தான்
சிறைச்சுவருக்குப் பின்னால் இறங்கும் பாதையில்
எந்த வேரை இடப்பக்கம் விடுவது,
எந்தச் செம்மண் பள்ளத்தில்
பின்னுக்குச் சாய்ந்து முழங்கையை மடக்குவது
என்று கற்றிருந்தேன்.
யாரும் சொல்லித் தரவில்லை.
ஸ்பிரிங் காப்பாற்றுகிறது என்ற நம்பிக்கையில்
நானே ஸ்பிரிங்காக இருந்திருக்கிறேன்.

எஃகை எடுத்தேன்.
அந்துவான் டேப்பால் உயரம் அளந்தார்,
குறைந்தால் மூக்கு தரையை முகரும் என்று.
மிச்சக் காசில் பருத்த டயர் ஒன்று.
காற்றைக் குறைத்தே வைக்கச் சொன்னார்.

கவைக்குதவாத முடிவு
என்றார் ஜெயினுலாபுதீன், ஞாயிற்றுக்கிழமை.
கவையே இதுதான், என்றேன்.
சிரித்தார். சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.
பெரிய ஓடை அரிப்பில்
இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.
கீழே அவர் காத்திருந்தார்,
பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு.
மற்ற இடமெல்லாம்
ஒவ்வொரு சரளையும் உள்ளங்கைக்கு வந்து
தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது.

திங்கட்கிழமை, மஞ்சக்குப்பம்.
வரப்புத் தகராறு, பதினோரு வருட வழக்கு.
நீதிபதி நிறுத்தி நிறுத்திச் சொல்ல
விரல்களில் இன்னும் மலை ஓடிக்கொண்டிருந்தது.
திரும்பிப் படித்தேன்:
தீர்ர்ப்பு.
அழிப்பதற்கு முன்
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.