நான்காம் கூட்டம்

கஞ்சிக்கோட்டில், மூடிக்கிடக்கும் இரும்பாலைக்குப் பின்புறம்
எங்கள் ஆய்வுக்கூடம்.
காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள்
காலை ஆறேகாலுக்கு ஒரு படிகத்தைப் பிளந்தோம்.
வெளியே கணவாய்க் காற்று
தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

மிளகில் பாதிகூட இல்லை அந்தக் கல்.
ஒளி விழும், எலக்ட்ரான் தெறிக்கும்,
எந்தக் கோணம், எவ்வளவு வேகம் என்று
குறித்துக்கொள்வது எங்கள் பிழைப்பு.
ஓடிப்போனவனின் செருப்புத்தடத்தை வைத்து
வீட்டுக்குள் நடந்த சண்டையைச் சொல்வதுபோல.

ஆயிரத்து அறுநூறு புள்ளி,
புள்ளிக்கு ஒரு நிமிடம், ஒரு படம்.
ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டியது.
எல்லாம் சாம்பல்மேல் சாம்பல்.
கண் வலிக்கும்வரை பார்த்துவிட்டுக் கணினியிடம் தள்ளினேன்.
எது உலோகம், எங்கே இடைவெளி திறக்கும்,
ஒன்றும் சொல்லித் தரவில்லை.
ஒத்தது ஒத்ததோடு சேரட்டும் என்று விட்டேன்.

நான்கு கூட்டமாகப் பிரித்துத் தந்தது.
நல்ல தளம் ஒன்று, உடைந்த விளிம்பு ஒன்று,
ஒட்டவைத்த வெள்ளிப்பசை ஒன்று.
நான்காவது
கல்லின் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகளாக,
பட்டைகள் கலங்கி,
இதுவரை யாரும் பார்க்காத ஒரு நிலைபோல.
பிரஜிஷா அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்.

மாலை, வேலந்தாவளம் பஸ்ஸுக்கு நிற்கையில்
ரயில்வே கேட் மூடியது.
கையிலிருந்த டீயின் ஆடை
வண்டி கண்ணில் படுமுன்பே சுருங்கி நடுங்கியது.
அந்த டீயைக் குடிக்கவில்லை.

கேட்கீப்பர் யூசுப் ராவுத்தர்
தன் ரிஜிஸ்டரைப் படம் எடுக்க விட்டார்:
பதினொன்று நாற்பத்திரண்டு, பன்னிரண்டு பத்து, ஒன்று ஐந்து.
வரிக்கு வரி பொருந்தியது.
எங்கள் கணினி மனப்பாடம் செய்திருந்தது
பாலக்காடு - கோவை ரயில் அட்டவணையை.
இரவில் கோடுகள் ஏன் நீளம் என்றும் புரிந்தது:
வாளையார்க் காட்டில் யானைக்குப் பயந்து
வண்டிகள் ஊர்ந்து போகும்.

பிரஜிஷா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ரயில் நேரமெல்லாம் கழித்த பிறகும்
ஏழு புள்ளி மிச்சம்.
இரண்டு நாற்பது முதல் இரண்டு நாற்பத்தாறு.
கல்லில் அருகருகே இருப்பவை,
கடிகாரத்திலும் அருகருகே.
கல் சொன்னதா, தரை சொன்னதா, பிரிக்க வழியில்லை.

"அந்நேரம் வண்டி ஏதும் இல்லீங்களே" என்றார் ராவுத்தர்.
பிறகு பீடியை அணைத்துவிட்டு,
"அப்போ கடந்து போறவங்க
கேட்டை மூடச் சொல்றதில்லை."

வியாழக்கிழமை அடுத்த கல்.
இம்முறை வரிசையாக அளக்கமாட்டோம்.
ஆயிரத்து அறுநூறையும் சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்தாயிற்று.
மேசைக்காலுக்கு அடியில் வைக்க
கோயம்புத்தூருக்கு ரப்பர் வாங்க ஆள் போயிருக்கிறது,
இன்னும் வரவில்லை,
செக்போஸ்ட்டில் லாரி வரிசை நீளமாம்.