பத்தாண்டுக் குத்தகை

வியன்னா, மைட்லிங் கல்லறைத் தோட்டம்.
இரவில் மெழுகுவர்த்தி காணாமல் போவதாக
ரோஸ்விதா பிக்லர் புகார் எழுதித் தந்தாள்.
மூன்றாவது புகார். எழுத்துப் பிழை இல்லை.

சிவப்புக் கண்ணாடி விளக்கு கவிழ்ந்து கிடக்கும்,
ஒட்டிய மெழுகில் பல் தடம்.
திருடனைக் காட்டுகிறேன், அந்தி வரை இருங்கள் என்றேன்.
மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு நானும் நின்றேன்.

ஐவிக் கொடி மூடிய, பெயர் தேய்ந்த கல்லுக்கடியிலிருந்து
முதலில் மூக்கு. பிறகு வெள்ளைப் பாதம்.
மை கொட்டியதுபோல் கறுத்த வயிறு.
ஹாம்ஸ்டர்.
அவள் கணவன் ஓட்டோகரின் நெஞ்சுக்கு நேர் மேலே
நிமிர்ந்து நின்று
எங்களை எடைபோட்டது.

தலையை விளக்குக்குள் விட்டு
கன்னம் இரண்டும் புடைக்கப் புடைக்க அடைத்தது.
முகம் உடம்பைவிடப் பெரிதாகிப்
பொந்து வாயில் சிக்கியது.

"டாக்டர் கொழுப்பை நிறுத்தச் சொன்ன பிறகு
அவரும் இப்படித்தான்.
வெண்ணெயை வாயில் அடக்கிக்கொண்டு
ஒன்றுமில்லை என்று தலையாட்டுவார்."
சிரித்தாளா தெரியவில்லை, இருட்டிவிட்டது.

வரும் மார்ச்சில் இந்தக் குழியின் குத்தகை முடிகிறது.
பணம் கட்டாவிட்டால் கல்லை எடுத்துவிடுவோம்,
அந்த நோட்டீசை ஒட்டுவதும் என் வேலைதான்.
கீழே, சவப்பெட்டிக்குப் பக்கத்து அறையில்
ஒரு குளிர்காலத்துக்கான வெளிச்சம்
எரியாமல் சேர்ந்துகொண்டிருக்கிறது,
வாடகை இல்லாமல்.

புகாரை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.
மறுநாள் இரண்டு மெழுகுவர்த்தி வைத்திருந்தாள்.
ஒன்றில் திரி இல்லை.