சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன

ரயில் நிலையத்துக்குப் பின்னால்
காசு போட்டால் துணி துவைக்கும் கடை.
மூன்றாம் எண் இயந்திரத்தில் அவளுடைய துண்டுகள் சுழன்றன.
அந்த இரைச்சலுக்காகத்தான் இடத்தைத் தேர்ந்தாளாம்.
மார்செய் நகரின் வடக்கு அடுக்ககங்களைப் பற்றி
ஆறு வருடமாக எழுதுகிறவள், கெட்டிக்காரி.
பதிவுக் கருவியை மேசைமேல் வைக்காமல்
மடியில் வைத்துக்கொண்டாள்.

சொன்னேன்.
சரக்கு இருப்பது நான்காம் மாடி மின்மீட்டர் பெட்டிக்குள்.
காவல் நிற்கும் பையனுக்கு நாளுக்குத் தொண்ணூறு யூரோ.
போலீஸ் வண்டி தெரிந்தால் ‘அரா’ என்று கத்த வேண்டும்,
கத்தத் தவறினால் தொண்ணூறும் இல்லை, பல்லும் இல்லை.
அந்தப் பையன்களில் ஒருவன் நான் என்பதையும்
வெள்ளிக்கிழமைகளில் இன்னொருவரிடமும் பேசுகிறேன் என்பதையும்
அவர் சீருடை அணியாத போலீஸ் என்பதையும்
சொன்னேன்.

பயமாக இருக்கிறதா என்றாள்.
கேட்பதற்கு முன்பே பதிலை எழுதிவிட்டிருந்தாள்;
தலைகீழாகப் படித்தேன்.

பெயரை மாற்றிவிடுவேன் என்றாள், வயதை, வேலையை,
உன் அம்மாவே படித்தாலும் உன்னைக் கண்டுபிடிக்க மாட்டாள்.
வாக்கைக் காப்பாற்றினாள். அதில் குறையே இல்லை.

வியாழக்கிழமை வந்தது கட்டுரை.
அதில் நான் இருபத்து மூன்று வயது இத்ரீஸ்,
ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறேன்,
இடது காலை இழுத்து நடக்கிறேன்,
சமையலறைக் கூண்டில் ஒரு பொன்குருவி வளர்க்கிறேன்,
அது பாடாத நாளில் வெளியே போவதில்லை.
எனக்கே அவனைப் பிடித்துப்போயிற்று.
அடியில் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி:
பாதுகாப்புக் கருதி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

மின்மீட்டர் பெட்டி மட்டும் அப்படியே இருந்தது. தொண்ணூறு யூரோவும்.
அதனால்தான் நம்பினார்கள்.
பெட்டி மெய்யென்றால் கால் எப்படிப் பொய்யாகும்?

எங்கள் பக்கம் ரொட்டிக்கடை ஒன்றுதான்.
அங்கே நாசுஃப்,
விடிவதற்கு முன்பே இமைமயிரெல்லாம் மாவு.
அதிகம் பேசாதவன். பேசாததே சாட்சியாயிற்று.
பதினொரு வயதில் மோட்டார் சைக்கிள் ஏறிய கால்.
வலது கால்.
இடதா வலதா என்று யாரும் சரிபார்க்கவில்லை,
அச்சடித்தவர்களும், படித்தவர்களும்,
ஞாயிறு விடியலில் ஸ்கூட்டரில் வந்த இருவரும்.

மறுநாள் இன்னொரு பத்திரிகை:
பறவைப் பிரியரான உளவாளி சுட்டுக்கொலை.
ஆதாரம், முதல் பத்திரிகை.
தொலைக்காட்சி இரண்டையும் விரித்துக் காட்டி
இரு வேறு வட்டாரங்கள் உறுதி செய்ததாகச் சொன்னது.
யார் வீட்டு பால்கனியிலோ தொங்கிய காலிக் கூண்டை
நெடுநேரம் படமெடுத்தார்கள்.
மெழுகுவத்தி வைக்க வந்தவர்களில் ஒருத்தி
குருவிக்குத் தினை கொண்டுவந்தாள்.

அவன் அக்கா எஷாத்தி
நீட்டிய ஒவ்வொரு மைக்கிடமும் கேட்டாள்,
எந்தக் குருவி?
அவனுக்கு இறகு பட்டாலே தும்மல் வருமே.
அது ஒளிபரப்பாகவில்லை. நீளம் கருதி.

அடுத்த வாரம் ஏழாம் பக்க மூலையில்,
வானிலைக்குக் கீழே:
திருத்தம். ரொட்டிக்கடை ஊழியருக்கு ஊனம் இருந்தது வலது காலில்.
தவறுக்கு வருந்துகிறோம்.

வெள்ளிக்கிழமைக்காரர் இப்போது என்னை அழைப்பதில்லை.
தங்கள் ஆள்தான் செத்தது என்று
அவருடைய மேலதிகாரி செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டு
கோப்பை மூடிவிட்டாராம்.
காட்டிக்கொடுத்தவன் ஒழிந்தான் என்று
எங்கள் முதலாளி என் தோளைத் தட்டினார்.
கூலி நூற்றிருபது.

நேற்று அவள் பேசினாள், தெரியாத எண்ணிலிருந்து.
பின்னணியில் எந்த இரைச்சலும் இல்லை.
அழுதிருக்கலாம். என்னால் சரிபார்க்க முடியாது.
பத்திரமாக இருக்கிறாயா என்றாள்.
இருக்கிறேன் என்றேன்.
அந்த ஒன்றை என் பெயரைப் போட்டே எழுதிக்கொள்ளலாம்.

பிறகு தெருமுனையில் ஒரு வெள்ளை வண்டி திரும்பியது.
அரா, என்று கத்தினேன்.
பையன்கள் சிதறி ஓடினார்கள்.
ரொட்டி வண்டி.