செய்வினை

ஊடகக் கழகம் கூடும் அறை
உண்மையில் விளையாட்டுச் சாமான் அறை.
வலைப்பந்துகளுக்கு நடுவே ஒரு மேசை,
மேசையில் ஒரு பிரிண்டர்,
அதன் நெற்றியில் பித்தளைத் தகடு:
நலன்விரும்பி ஒருவரின் அன்பளிப்பு, பெயரோடு.

யதுர்ஷா ஆசிரியர். நான் பிழை திருத்துகிறவள்.
ஒற்று, சந்தி, காற்புள்ளி என் இலாகா.

இந்த மாதச் சுவர்ப் பத்திரிகையில்
முதல் பக்கம் அச்சாறு அண்ணைக்கு.
பம்பலப்பிட்டியில் எங்கள் கேற்றுக்கு எதிரே
கண்ணாடிப்பெட்டி வண்டி. அன்னாசி, அம்பரெல்லா, வெரளிக்காய்.
கேட்காமலே மிளகாய்த்தூள் கூடப் போடுவார்.
செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு
காலி வீதியில் வண்டி தள்ளிக்கொண்டு போனவரை

இங்கேதான் சண்டை தொடங்கியது.

‘கட்டுப்பாட்டை இழந்த கார் மோதியதில்’
என்று ருக்‌ஷி எழுதியிருந்தாள்.
சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன்.
காருக்கு ஏது கட்டுப்பாடு, இழக்கிறதுக்கு?
பொலிஸ் நீட்டிய பலூனை
கார் ஊதவில்லையே.

டீச்சர் சொன்னார்,
பேப்பர்கள் எல்லாம் அப்படித்தான் எழுதும்,
வழக்கு முடியவில்லை, பெயர் போட ஏலாது.
சரி, பெயர் வேண்டாம்.
எழுவாயாவது வேண்டும்தானே டீச்சர்?
‘மது அருந்தியிருந்ததாகப் பொலிஸார் கூறும் ஒருவர்
காரைச் செலுத்திவந்து மோதினார்.’
நீளம்தான். ஆனால் ஆள் இருக்கிறார் அதற்குள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிரிண்டரைப் பார்த்தார்.
நாங்களும் பார்த்தோம்.

தகட்டில் இருந்த பெயர் எல்லோருக்கும் தெரியும்.
அச்சாறு அண்ணையின் பெயர்தான் ஒருத்தருக்கும் தெரியாது.
மூன்று வருடம் அந்தக் கையில் மிச்சக்காசு வாங்கியிருக்கிறோம்.
ஃபர்ஹானா லொத்தர்க்காரரிடம் ஓடிப்போய்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள்:
செல்லையா மரியதாஸ், ஐம்பத்திரண்டு, மட்டக்குளி.
வியர்வையில் ‘தாஸ்’ பாதி கரைந்திருந்தது.

இரண்டாம் பக்கத்துக்கு வீதிப் பாதுகாப்புக் கழகம்
ஒரு போத்தலை வரைந்து, மேலே சிவப்புக் கோடு இழுத்துத் தந்தது.
மது வேண்டாம் வாழ்வு வேண்டும்.
‘வேண்டாம்’ முடிய ஒரு காற்புள்ளி வைக்கச் சொன்னேன்.
வைத்தார்கள்.
அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏனென்றால், அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முந்தி
வத்தளையில் சின்னம்மா வீடு குடிபூரல்.
இரவு அப்பா சாவியை எடுத்தார்.
அம்மா சேலைத் தலைப்பை மடித்து மடித்து
மடியில் வைத்துக்கொண்டிருந்தா.
தம்பி என் தோளில் நித்திரை.
களனிப் பாலத்தில் வெள்ளைக் கோடு
எங்களுக்குக் கீழே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீந்தியது.
ஆமர் வீதிச் சிவப்பு விளக்கை
அப்பா பிந்தித்தான் கண்டார்.
அந்த நேரம் அங்கே யாரும்
வண்டி தள்ளிக்கொண்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பல் விளக்கிப் படுத்தோம்.
நடக்காததற்குப் பத்திரிகையில் பக்கம் இல்லை.

பிரிண்டர் அன்றைக்கென்று மை இல்லை என்றது.
யதுர்ஷா முழுவதையும் கையால் எழுதினாள்.
திங்கட்கிழமை சுவரில் ஏறியபோது
எங்கள் நீள வசனம் வெட்டுப்படாமல் இருந்தது.
தகட்டை யாரும் கழற்றவில்லை.

இன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம்.
மண்டபத்துக்குப் பின்னால், கார்களுக்கு நடுவே,
அப்பாவின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கிறது.
குறிப்புப் புத்தகத்தைத் திறக்கிறேன்.
எங்கே: வாகனத் தரிப்பிடம்.
எப்போது: ஒன்பது நாற்பது.
யார்:
பேனை கொஞ்ச நேரம் நின்றது.
அப்பா.
‘ரெண்டுதானே குஞ்சு’ என்றார்.
மேற்கோள், சரிபார்க்கப்படவில்லை.

‘சாவி எடுக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி
பிறகு வெட்டினேன்.
சாவியை நான் எடுத்தேன்.
என் கைப்பையில், பவுடர் டப்பாவுக்குக் கீழே.

அவர் இன்னும் தேடத் தொடங்கவில்லை.