வரவு

ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி மேசையில்
காணிக்கைப் பையைக் கவிழ்ப்போம் மூன்று பேர்.
நான், பொருளாளர் துரைசிங்,
கண்ணாடியை மறந்து வரும் தவசிமுத்து அண்ணன்.

சிவப்பு வெல்வெட் பை. முழங்கை ஆழம்.
அதற்குள் எல்லாக் கையும் முஷ்டியாகத்தான் போகும்.
உள்ளே விரல் விரிந்ததா, யாருக்கும் தெரியாது.
என் முஷ்டிக்குள் இருபத்திரண்டு வருடமாகப் பத்து ரூபாய்.
நோட்டாக இருந்தது, நாணயமாயிற்று.
வேறு மாற்றமில்லை.

இந்தச் சபைக்கு நான் எப்படி என்றால்,
மகளுக்கு கான்வென்டில் இடம் வேண்டியிருந்தது.
இடத்துக்கு ஆயரின் கடிதம்,
கடிதத்துக்குச் சந்தா கட்டிய ரசீது.
மகள் இப்போது டொராண்டோவில்.
ரசீது மட்டும் வருடா வருடம் வருகிறது.
பிறகு, சிவ்ரி கல்லறைத் தோட்டம் இருக்கிறது.
கட்டாதவனை எங்கே புதைப்பார்கள் என்று யோசித்தால்
ஜனவரியிலேயே கட்டிவிடத் தோன்றும்.

ஜூன் முதல் வாரம்
சில்லறைக்கு நடுவே ஒரு லோக்கல் டிக்கெட்.
வாங்கணி – சயான். போக மட்டும்.
குப்பை என்று தள்ளினார் துரைசிங்.
பின்பக்கம் பென்சிலில்:
"இந்த வாரம் ஒண்ணுமில்ல. நான் வந்திருக்கேன்."

அடுத்த வாரமும்.
அதற்கடுத்த வாரம் டிக்கெட்டோடு இரண்டு ரூபாய்,
"ஒண்ணுமில்ல" மட்டும் அடித்திருந்தது.
திரும்பிப் போவது எப்படி என்று
எந்த டிக்கெட்டிலும் எழுதியில்லை.
"இதை வரவில் எழுதவா?" என்றார் தவசிமுத்து அண்ணன்.
சிரித்தோம். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஜூலையில் ஒரு ஞாயிறு. மெகா பிளாக்.
போதாததற்கு மழை, கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர்.
பள்ளிக்கூடம் லீவு விட்ட பையனைப் போல இருந்தது எனக்கு.
பெட்டிச் சாவி என்னிடம் இருந்து தொலைத்தது,
அதனால் போனேன்.

பத்தொன்பது பேர். பாடகர் குழுவில் ஒரே ஓர் ஆல்டோ,
அந்தம்மாவும் சுவரைப் பார்த்தே பாடினார்.
துரைசிங் இல்லை. பையை நான்தான் கொண்டுபோனேன்.
முஷ்டி. முஷ்டி. முஷ்டி.
கடைசி பெஞ்சில் ஒரு பெண்,
செருப்பு மடியில், முட்டிவரை சேற்றுக் கோடு.
விரித்த கையோடு பைக்குள் விட்டாள்,
அரிசி டப்பாவின் அடியைத் தடவுவதுபோல.

வாசலில் பிடித்துக்கொண்டேன்.
"ரூபவதி" என்றாள்.
எந்த ஊர், யார் மகள், எந்தச் சபை,
நாங்கள் எல்லாரையும் கேட்பதையெல்லாம் கேட்டேன்.
இன்றைக்கு எப்படி வந்தீர்கள் என்பதைக் கடைசியாக.
"குர்லாவோட வண்டி நின்னுட்டு. நடந்தேன்."
பதிவேட்டில் பெயர் இல்லையே என்றேன்.
"அதுல இருக்க என்ன செய்யணும்?"
"வருஷம் அறுநூறு."
"ஓ" என்றாள்.
செருப்பைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

அன்று தனியாக எண்ணினேன்.
ஆயிரத்து நாற்பது ரூபாய். ஒரு டிக்கெட்.
ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
நானும் எழுதிப் பார்த்தேன்.
"நான்."
அடுத்த சொல்லுக்குப் பேனா நகரவில்லை.
மை இருந்தது. உதறியும் பார்த்தேன்.
பிறகு பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து
காலிப் பைக்குள் போட்டேன்.
அது சுலபமாக இருந்தது.
எண்ணிக்கையைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

பேரேட்டில் வரவு என்ற கட்டத்தில்
தொகைக்குக் கீழே பொடி எழுத்தில் சேர்த்தேன்:
ஒருவர்.

மார்ச்சில் ஆடிட்டர் அதில் விரலை வைத்து
"இது என்ன சார், யார் இது?" என்றார்.
துரைசிங் என்னைப் பார்த்தார்.
கையெழுத்து உங்களுடையதுதானே என்றார் ஆடிட்டர்.
தெரியாது என்றேன்.
மூன்றாவது முறையும் அதையே சொல்லி முடிக்கும்போது
வெளியே கர்ஜத் ஃபாஸ்ட்
நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.