பாக்கி இருபத்தேழு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
இரவு ஒன்றே முக்கால்.
கன்னியப்பனுக்குப் பத்துக்கு எட்டு பேனர்
விடிவதற்குள் தெருமுனையில் நிற்க வேண்டும்.
மூன்றாம் முறையாக
அவர் மீசையைத் துலக்கிக்கொண்டிருந்தபோது
கம்ப்யூட்டர் அணைந்தது,
சொல்லாமல் கொள்ளாமல்.

அவரும் அப்படித்தான் போனாராம்.
பெஞ்சிலிருந்து மச்சான் பூபாலன் சொன்னார்:
கையில டீ கிளாசு. ஒரு சொட்டு சிந்தல.

திரும்ப உயிர் கொடுத்து
சூடு பார்க்கும் மென்பொருளைத் திறந்தேன்.
ஐம்பத்தெட்டு என்றது, பச்சையில்.
நம்பாமல் இன்னொன்றைத் திறந்தேன்.
எழுபத்துமூன்று, சிவப்பில்.
ஒரே சில்லு, ஒரே நொடி.
போர்டோடு இலவசமாய் வந்த மூன்றாவது
பூஜ்ஜியத்துக்குக் கீழே அறுபத்தொன்று என்றது.
பனியன் கழுத்தைப் பிழிந்துகொண்டே
பூபாலன் எட்டிப் பார்த்தார்:
அப்ப கம்பளி குட்றா.

போர்டு ரிப்பேர் பார்க்கும் யாஸ்மின்
ரிச்சி தெருவில் ஒருநாள் சால்டர் புகைக்கு நடுவே சொன்னது.
இந்தப் பழைய சில்லுக்குத் தன் சூடு தெரியாது.
எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி,
அது மட்டும்தான் தெரியும்.
இப்போது பாக்கி இருபத்தேழு.
எல்லை எண்பத்தைந்து என்று நினைத்த மென்பொருள்
கழித்துப் பார்த்து ஐம்பத்தெட்டு என்கிறது.
நூறு என்று நினைத்தது எழுபத்துமூன்று என்கிறது.
கழித்தலில் பிழையில்லை.

"தோற்றம் தேதி என்னண்ணா போட?"

மஞ்சப் பையைக் கவிழ்த்தார்.
ஆதாரில் ஒன்று ஒன்று அறுபத்தொன்று,
தேதி தெரியாதவர்களுக்கெல்லாம்
முகாமில் போட்டுக்கொடுத்த பிறந்தநாள்.
ரேஷன் கார்டு நாலு வயது கூட்டியது.
துறைமுகத்து அட்டை, அந்தக் காலத்தில்
வேலைக்குப் பதினெட்டு ஆகியிருக்க வேண்டுமென்று
மேலும் இரண்டு.
வீட்டுக்குப் போன் போட்டோம்.
ஸ்பீக்கரில் ஒப்பாரி, நாற்காலி இழுபடும் சத்தம்,
அப்புறம் தெய்வானை அக்கா:
"புயலுக்கு அடுத்த வாரம் பொறந்தாராம். அவங்கம்மா சொல்லும்."
எந்தப் புயல்க்கா?
"காசிமேட்டுல எத்தினி புயல்டா."

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
அதன் அடியில், அலுமினிய மடிப்புகளுக்குள்,
சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை.
எண்ணூர்ப் பக்கக் காற்று, கன்டெய்னர் லாரிப் புழுதி,
பிளெக்ஸ் வெட்டிய தூசி, உப்பு.
விரலை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.
நுனி வெளுத்துப் பிறகு சிவந்தது.
"எவ்ளோ இருக்கும்?" என்றார்.
வாயில் விரல் இருந்தது. எண் எதுவும் வரவில்லை.

அணைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டினேன்.
ஒரு கைப்பிடி வந்தது.
அதைக் காகிதத்தில் மடிக்கும்போது
இரண்டு பேருமே பேசவில்லை.
மறுபடி ஓடவிட்டதும்
பூபாலன் யாரோ வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையை எடுத்து
திறந்த பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார்,
காய்ச்சல்காரனுக்கு விசிறுகிற மாதிரி,
முதலில் வேகமாக, பிறகு தூக்கத்தோடு.

இரண்டரைக்கு அக்காவே கூப்பிட்டாள்.
அழுகை வற்றிய குரல்.
"எபி, அறுவதாங் கல்யாணம் பண்ணணும்னு இருந்தேன்டா.
ஆதாருல இன்னும் ஆவலன்னாரு.
ரேஷன் கார்டுல தாண்டிப்போச்சுன்னாரு.
அப்பிடியே இழுத்துட்டாரு."
சரிக்கா, என்றேன்.
"தேதியே போடாத. செத்தது மட்டும் போடு.
அது நான் பாத்தது."

தோற்றம் என்ற சொல்லை அழித்தேன்.
அந்த இடம் காலியாகத் தெரிந்ததால்
ஒரு ரோஜாவை நகர்த்தி வைத்தேன்.

ஐம்பத்தொன்று, அறுபத்தாறு.
ஆறியிருக்கிறது. எங்கிருந்து என்பதில் மட்டும்
இன்னும் பதினைந்து டிகிரி தகராறு.
இரண்டு ஜன்னல்களையும் மூடினேன்.
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது,
பெட்டி பெட்டியாக, எண்ணாமல் பார்த்தேன்.
கேட் தூக்கினார்கள்.
மீசை இந்த முறை முழுசாக வந்தது.